இரண்டு இரவு மலையில். கார் எங்கே தூங்கும்?

கேட்டவர் சான் ஹோசேயில் இருக்கிறார். நண்பர்கள் நாலு பேர், முதல் பேக்பேக்கிங், அதாவது முதுகில் பையோடு நடந்து போய் மலையிலேயே இரவு தங்குவது. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புவது திட்டம். ஃப்ரீமாண்டில் ஸ்டான்ஃபர்ட் அவென்யூ பார்க்கிங்கில் காரை விட்டுவிட்டு, மிஷன் பீக் ஏறி அந்தப் பக்கம் சுனோலில் இறங்கிக் கூடாரம் போடலாம் என்று யோசித்திருக்கிறார்கள். கார் இரண்டு இரவு அங்கே பத்திரமாக இருக்குமா, ஒருவருடைய ஆபீஸ் லேப்டாப் டிக்கியில் இருந்தால் பரவாயில்லையா, இதற்கெல்லாம் பொதுவாக எப்படி இடம் தேடுவது என்பவைதான் கேள்விகள்.

ஸ்டான்ஃபர்ட் அவென்யூ வேண்டாம். லேப்டாப் வேண்டவே வேண்டாம். மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமான பதில் தேவை.

முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் பாதையைத் தேர்ந்தெடுத்து, படங்களைப் பார்த்து, கூடாரம் வாங்கி, சாப்பாடு வரைக்கும் திட்டம் போட்டுவிட்டு, கிளம்புகிற அன்று காலையில்தான் காரை எங்கே விடுவது என்று மேப்பைத் திறப்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். இப்போது தலைகீழாகச் செய்கிறேன். கார் எங்கே தூங்கும் என்பதை முதலில் முடிவு செய்கிறேன். அங்கிருந்து எந்தப் பாதை கிளம்புகிறது என்று அப்புறம் பார்க்கிறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி நடக்க அழகான பாதைகளுக்குப் பஞ்சமே இல்லை. இரவு காரை விட்டுவிட்டு நிம்மதியாகப் போகக்கூடிய இடங்கள்தான் குறைவு. குறைவாக இருப்பதிலிருந்துதானே தேடலைத் தொடங்க வேண்டும்?

பத்திரம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. இரவு கார் அங்கே நிற்க அனுமதி உண்டா என்பது ஒன்று. யாராவது கண்ணாடியை உடைப்பார்களா என்பது இன்னொன்று. விலங்கு, நெருப்பு, சாலை போன்றவை மூன்றாவது. நம்மவர்கள் இரண்டாவதை நினைத்துத்தான் பயப்படுகிறோம். ஆனால் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது முதலாவதில்தான்.

ஸ்டான்ஃபர்ட் அவென்யூ அதற்குச் சரியான உதாரணம். அது ஈஸ்ட் பே ரீஜனல் பார்க் நிர்வாகத்தின் இடம், பகலில் ஏறி இறங்குகிறவர்களுக்கானது. இரவில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், கார்களை உள்ளே விட்டுப்போக அனுமதி கிடையாது. இடம் கிடைக்காதவர்கள் பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் நிறுத்தி நிறுத்தி, அங்கே வசிக்கிறவர்கள் பொறுமையிழந்து, பல தெருக்களில் கட்டுப்பாட்டுப் பலகைகள் வந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் ஊர்த் தெருவில் ஒரே இடத்தில் தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் காரை இழுத்துக்கொண்டு போக நகர நிர்வாகங்களுக்கு மாநிலச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் இரண்டு இரவு அந்தக் கணக்குக்குள் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அந்த 72 மணி நேரம், வேறு பலகை எதுவும் இல்லாத தெருவுக்குத்தான். பலகை இருந்தால் பலகை சொல்வதுதான் சட்டம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மனிதர்களுக்கான அனுமதி வேறு, காருக்கான அனுமதி வேறு. மிஷன் பீக்கிலிருந்து சுனோல் வழியாகப் போகும் ஓலோன் வைல்டர்னஸ் பாதையில் நடக்க உங்களுக்கு ஒரு பெர்மிட் வேண்டும், சுனோல் பேக்பேக் முகாமில் தங்க முன்பதிவு வேண்டும். இரண்டும் கையில் இருந்தாலும் ஸ்டான்ஃபர்ட் அவென்யூவில் இரவு கார் நிற்கக்கூடாது. பாதை அந்த இடத்தில் தொடங்குகிறது என்பதால் அங்கே காரை விடலாம் என்று அர்த்தமில்லை. முன்பதிவு செய்யும்போதே எந்தப் பார்க்கிங்கில் எத்தனை கார், எத்தனை இரவு என்று கேட்டு, நம்பர் பிளேட்டைப் பதிவு செய்ய வேண்டுமா, டாஷ்போர்டில் சீட்டு வைக்க வேண்டுமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு சுனோலில்தான் தங்க ஆசை என்றால் எளிய வழி ஒன்று இருக்கிறது. மிஷன் பீக்கை விட்டுவிடுங்கள். காரை நேராக சுனோல் பூங்காவுக்குள்ளேயே கொண்டுபோய், முகாம் முன்பதிவோடு அங்கே விட்டுவிட்டு, முகாமுக்கு ஏறிப் போங்கள். இரண்டாம் நாள் பைகளை முகாமில் வைத்துவிட்டு ரோஸ் பீக் பக்கம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நடந்துவிட்டுத் திரும்பலாம். அது 3,817 அடி உயரம், மிஷன் பீக்கைவிட ஆயிரம் அடிக்கும் மேல் கூடுதல். ஆனால் ஜூனில் அந்த மலைகள் காய்ந்து பொன்னிறமாகி, நிழலே இல்லாமல் சுட்டெரிக்கும். முதல் பயணத்துக்கு நானாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பக்கத்திலேயே இன்னும் இரண்டு இடங்கள் சொல்கிறேன். பாலோ ஆல்டோவுக்கு மேலே பேஜ் மில் ரோட்டில் மான்டே பெல்லோ என்ற பாதுகாக்கப்பட்ட மலைப்பகுதி இருக்கிறது. அதன் உள்ளே பிளாக் மவுண்டன் பேக்பேக் முகாம், பார்க்கிங்கிலிருந்து ஒன்றரை மைல்தான். அந்தப் பகுதி முழுவதும் சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் மூடிவிடும். பெர்மிட் வாங்கியவர்களின் கார் மட்டும் இரவு நிற்கலாம். பெர்மிட் இல்லாத கார் அங்கே இரவில் நின்றால் உடனே கண்ணில் படும். நமக்கு அது நல்லதுதான்.

இன்னொன்று ஹென்றி கோ மாநிலப் பூங்கா. மார்கன் ஹில்லிலிருந்து ஈஸ்ட் டன் அவென்யூ வளைந்து வளைந்து ஏறிப் போய் அதன் தலைமையிடத்தில் முடிகிறது. 87,000 ஏக்கர், வடக்கு கலிஃபோர்னியாவில் இதைவிடப் பெரிய மாநிலப் பூங்கா கிடையாது. பேக்பேக்கிங் போகிறவர்கள் பார்வையாளர் மையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, காரை அங்கேயே விடலாம். சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது. வேறெங்கோ போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்கிறவர்கள் அங்கே வர மாட்டார்கள். திருடனுக்கும் திரும்பிப் போக அந்த ஒரே குறுகலான சாலைதான். இந்தக் காரணத்துக்காகவே முட்டுச் சாலையின் முடிவில், ஊழியர்கள் இருக்கும் கட்டடத்தின் எதிரே உள்ள பார்க்கிங் எனக்கு மிகவும் பிடிக்கும். இதே பூங்காவுக்கு கில்ராய் பக்கமிருந்து ஹண்டிங் ஹாலோ என்று இன்னொரு வாசல் உண்டு. நடக்க அருமையான இடம். ஆனால் வாசலில் தலைமையிடத்தில் இருக்கும் அளவுக்கு ஆள் நடமாட்டம் இருக்காது. இரண்டில் ஒன்று என்றால் முதல் பயணத்துக்குத் தலைமையிடம். கோடையில் ஓடைகள் வற்றிவிடும் என்பதால் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று ரேஞ்சரிடம், அதாவது பூங்காக் காவலரிடம், கேட்காமல் கிளம்பாதீர்கள்.

இப்போது கண்ணாடி உடைப்புக்கு வருவோம். வளைகுடாப் பகுதியில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கே இது எவ்வளவு சாதாரணம் என்று தெரியும். சில நொடி வேலை. பின்பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுப் பின்சீட்டை மடக்கி, டிக்கிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால் டிக்கிக்குள் இருந்தால் பத்திரம் என்பது பெரும்பாலான கார்களில் உண்மையில்லை.

என் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடற்கரை நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சின்ன மண் பார்க்கிங். ஆறேழு கார்தான் நிற்கும். நாங்கள் போய்ச் சேர்ந்து, டிக்கியைத் திறந்து, எல்லாப் பைகளையும் வெளியே எடுத்து, அங்கேயே அடுக்கினோம். பேக்பேக்கில் போனவை போக மீதி இருந்தவை, அவருடைய மனைவியின் கைப்பை உட்பட, மறுபடி டிக்கிக்குள் போயின. அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினோம். பக்கத்தில் ஒரு காரில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கடலைப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தோம். மறுநாள் திரும்பி வந்தபோது கண்ணாடி தரையில் கிடந்தது. கைப்பை இல்லை, அதற்குள் இருந்த வீட்டுச் சாவியும் இல்லை. வீடு திரும்பும் வழி முழுக்கப் பேச்சே இல்லை. கண்ணாடிச் செலவு பெரிதில்லை. வீட்டு முகவரி க்ளவ் பாக்ஸில் இருந்த காகிதத்தில் இருந்தது, சாவி போய்விட்டது, நாங்கள் ஊரில் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்ற எண்ணம்தான் அவரை வாட்டியது. அன்றிரவே பூட்டுகளை மாற்றினார்கள்.

அன்றிலிருந்து நான் விடாமல் கடைப்பிடிப்பது ஒன்று. பாதை தொடங்கும் இடத்தில் டிக்கியைத் திறந்து எதையும் உள்ளே வைக்கக்கூடாது. வெளியே எடுப்பது மட்டும்தான். பேக்பேக் வீட்டிலேயே முழுதாகக் கட்டி முடிந்திருக்க வேண்டும். பூட்ஸைக்கூட வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ள வைக்கும் பழைய சட்டை, செருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் போய்ச் சேர்வதற்கு அரை மணி முன்னால், பெட்ரோல் போடும் இடத்தில் டிக்கிக்கு மாற்றிவிடுங்கள். அதில் போனால் வருத்தப்படும்படி எதுவும் இருக்கக்கூடாது.

காருக்குள்ளே கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். எதுவும் என்றால் உண்மையிலேயே எதுவும். சார்ஜர் வயர், போன் மாட்டும் ஸ்டாண்டு, கூலிங் கிளாஸ், கப் ஹோல்டரில் கிடக்கும் சில்லறை, குழந்தை சீட்டின் மேல் போட்ட ஜாக்கெட். போர்வையால் மூடியது எதுவும் மூடியதாகக் கணக்கில்லை, அது தேடு என்று சொல்லும் அழைப்பு. எஸ்யூவியாக இருந்தால் பின்பக்கத்து மறைப்பைச் சுருட்டிவிட்டு, உள்ளே காலி என்று வெளியிலிருந்தே தெரியும்படி விடுங்கள். க்ளவ் பாக்ஸையும் திறந்தே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, நானும் அதில் சேர்ந்துவிட்டேன்.

அந்த க்ளவ் பாக்ஸ் காகிதம் பற்றி ஒரு வார்த்தை. கார் ரெஜிஸ்ட்ரேஷன் எப்போதும் காரிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் அதை எடுப்பதில்லை. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 4454-ஆவது பிரிவு, ஆள் இல்லாமல் நிற்கும் காருக்கு அந்த விதி பொருந்தாது என்று தெளிவாகவே சொல்கிறது. அதனால் காரை விட்டுப் போகும்போது அதை எடுத்து ஒரு ஜிப் பையில் போட்டு பேக்பேக்கில் வைத்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் அட்டையும் அப்படியே. அதைவிட முக்கியம், முன்கண்ணாடி மறைப்பில் மாட்டியிருக்கும் கராஜ் ரிமோட். முகவரியும் ரிமோட்டும் ஒரே காரில், வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் மலையில். இதைவிட வசதி ஒரு திருடனுக்கு வேண்டுமா? ரிமோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒருநாள் சாவியால் கதவைத் திறந்துகொள்ளுங்கள்.

கார் சாவியை டயருக்கு மேலேயோ பாறைக்கு அடியிலேயோ ஒளித்து வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. யாரும் பார்க்கவில்லை என்று நமக்குத்தான் தோன்றும். அதிலும் இந்தக் காலத்துச் சாவிகள் பக்கத்தில் இருந்தாலே கதவு திறந்துகொள்ளும். காருக்கு அருகில் ஒளித்தால் காரைத் திறந்து வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். பேக்பேக்கின் மேல் பையில் கொக்கியோடு ஒரு சாவி, இன்னொருவர் பையில் மாற்றுச் சாவி, இரண்டும் நனையாத சிறு பையில். வழியில் இருவர் முன்னதாகத் திரும்ப நேர்ந்தாலும் இது உதவும்.

லேப்டாப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். திங்கள் காலை நேராக ஆபீஸ் போவதாக இருந்தாலும், ஞாயிறு இரவு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தானே போவீர்கள். அது வீட்டிலேயே இருக்கட்டும்.

ஊரில் நாம் மலையேறப் போனால் அடிவாரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி, “அண்ணே, கொஞ்சம் பாத்துக்கங்க, நாளைக்கு வந்துர்றோம்” என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது இரண்டு டீ குடித்து ஏதாவது கையில் கொடுத்துவிட்டு வருவோம். இங்கே அந்த அண்ணன் இல்லை. அவருக்கு ஈடானவர்களைத் தேடித்தான் நான் பார்க்கிங்கைத் தேர்ந்தெடுக்கிறேன். ரேஞ்சர் அலுவலகம், பூங்காவுக்குள்ளேயே வண்டியில் தங்கி முகாமைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வத் தம்பதி, காசு வாங்கிக்கொண்டு நிறுத்த விடும் விடுதி. பெரிய நெடுஞ்சாலையை ஒட்டிய, யாருக்கும் சொந்தமில்லாத, பத்து கார் நிற்கும் மண்திட்டுதான் எனக்கு மிகப் பயம். உடைத்துவிட்டு ஒரு நிமிஷத்தில் நெடுஞ்சாலையில் கலந்துவிடலாம். அதே போலப் படம் பார்த்துப் பார்த்துக் கூட்டம் சேரும் இடங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கடலோரப் பூங்காவான பாயிண்ட் ரேயஸின் தெற்கு முனையில் பாலோமரின் அப்படிப்பட்டது. அலமியர் அருவி மணலில் நேராக விழுவதைப் பார்க்க எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். கார் வரிசை மண் சாலை நெடுக நிற்கும். எல்லோரும் பல மணி நேரம் திரும்ப மாட்டார்கள் என்பது பார்த்தாலே தெரியும். வைல்ட்கேட் முகாமுக்கு அங்கிருந்து ஐந்தரை மைல்தான் என்றாலும், இரவு காரை விட நான் வேறு வாசலையே தேடுவேன்.

அந்த வேறு வாசல்தான் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யப்போவது. பாயிண்ட் ரேயஸில் பேர் வேலி பார்வையாளர் மையம். பூங்காவின் தலைமையிடமே அங்கேதான். பார்க்கிங் பெரியது, சமதளம், மையத்தை ஒட்டியே இருக்கிறது. உள்ளே நடந்து போய்த் தங்க ஸ்கை, கோஸ்ட், க்ளென், வைல்ட்கேட் என்று நாலு முகாம்கள். பெர்மிட் ரெக்ரியேஷன்.காவ் தளத்தில் எடுக்க வேண்டும், வார இறுதி இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். பெர்மிட்டோடு டாஷ்போர்டில் வைக்கிற சீட்டும் உண்டு. அது இருந்தால்தான் இரவு கார் நிற்பது முறையானது. ஸ்கை முகாம் அங்கிருந்து சுமார் மூன்று மைல், ஏற்றம் இருக்கும். க்ளென் முகாம் நாலரை மைல் சொச்சம். முதல் இரவு ஸ்கை, இரண்டாம் இரவு க்ளென், ஞாயிறு காலை மறுபடி பேர் வேலி. தொடங்கிய இடத்திலேயே முடியும் வட்டம்.

வட்டம் ஏன் என்று சொல்கிறேன். ஒரு முனையில் தொடங்கி இன்னொரு முனையில் முடியும் பாதைக்கு இரண்டு கார் வேண்டும், இரண்டு பார்க்கிங் வேண்டும், இரண்டு கவலை வேண்டும். அதிலும் முடியும் முனையில் விடும் கார் உங்களுக்கு முன்னாலேயே போய் அங்கே தனியாக நிற்கும். நாலு பேர் ஒரே காரில் போய் வட்டம் அடித்துத் திரும்பினால் பாதிக் கவலை அங்கேயே குறைகிறது. நாலு பேரும் ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை என்றால், இரண்டாவது காரை வழியில் ஏதாவது நண்பர் வீட்டு வாசலில் விடலாம். காரே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. சான் ரஃபேலிலிருந்து பாயிண்ட் ரேயஸ் பக்கம் வெஸ்ட் மாரின் ஸ்டேஜ்கோச் பஸ் ஓடுகிறது.

அடுத்த வருஷம் சியேரா மலைகளுக்கு ஆசை வரும், நிச்சயம் வரும். அங்கே திருடனைவிடக் கரடிதான் பெரிய விஷயம் என்பதால் அதையும் சொல்லிவைக்கிறேன். யோசமிட்டியில் இருட்டிய பிறகு காரில் சாப்பாடு வைத்திருப்பது விதிமீறல். சாப்பாடு என்றால் முறுக்குப் பாக்கெட் மட்டுமில்லை. பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய், குழந்தைக்குத் துடைக்கும் ஈரத் துணி, காலி ஜூஸ் டப்பா, சீட்டுக்கடியில் எப்போதோ விழுந்த பிஸ்கட் என மணமுள்ள எல்லாமே சேர்த்தி. நம் வீட்டுக் கார்களில் ஊறுகாயும் மசாலாவும் மணக்காத டிக்கி அபூர்வம். கிளம்பும் முன் ஒரு தடவை வேக்யூம் போட்டுவிடுங்கள். கரடி கதவின் மேல்முனையை நகத்தால் பிடித்துக் காகிதம் போல மடக்கிவிடும். 1998-இல் மட்டும் அங்கே 1,500-க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாகின. அதற்குப் பிறகுதான் இரும்புப் பெட்டிகளும் கெடுபிடியும் சேர்ந்து அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தன. பாதை தொடங்கும் இடங்களில் அந்தப் பெட்டிகள் இருக்கும். மணமுள்ள மீதி எல்லாவற்றையும் அதில் வைத்து மூடிவிட்டுப் போகலாம். வைல்டர்னஸ் பெர்மிட் இருந்தால் கார் அங்கே இரவு நிற்கலாம். பள்ளத்தாக்கில் கரி வில்லேஜுக்கும் ஹேப்பி ஐல்ஸுக்கும் நடுவில் இதற்கென்றே ஒரு பார்க்கிங் இருக்கிறது. டயோகா சாலையில் அக்டோபர் 15-க்குப் பிறகு இரவு நிறுத்தவே கூடாது, எந்த நேரமும் பனி விழுந்து சாலை மூடப்படலாம் என்பதால். காரைப் பூங்காவுக்கு வெளியே மெர்செட் ஊரிலேயே விட்டுவிட்டு யார்ட்ஸ் பஸ்ஸில் உள்ளே போகிறவர்களும் உண்டு, பூங்கா நுழைவுக் கட்டணம் அந்த டிக்கெட்டிலேயே அடங்கிவிடுகிறது.

செகோயா தேசியப் பூங்காவின் மினரல் கிங் பகுதியில் வேறு கதை. மார்மட் என்று முயலைவிடப் பெரிய, கொழுத்த அணில் இனத்துப் பிராணி ஒன்று. காருக்கடியில் புகுந்து ரேடியேட்டர் குழாயையும் வயர்களையும் கடித்துவிடும். அங்கே பேக்பேக்கிங் போகிறவர்கள் பெரிய தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன்மேல் காரை ஏற்றி, நாலு பக்கமும் தூக்கிக் கட்டிவிட்டுப் போவார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஏதோ பரிசுப் பொட்டலம் வரிசையாக வைத்தது போல இருக்கும். அங்கே திரும்பி வந்ததும் பானெட்டைத் திறந்து பார்க்காமல் வண்டியைக் கிளப்பக்கூடாது.

டேஹோ ஏரிப் பக்கம் டெசொலேஷன் வைல்டர்னஸில் இரவு தங்க வருஷம் முழுக்கப் பெர்மிட் வேண்டும், கரடி திறக்க முடியாத டப்பாவும் கட்டாயம். எமரால்டு பே அருகே ஈகிள் ஃபால்ஸ் பார்க்கிங் மிகச் சின்னது. கோடை வார இறுதியில் காலை எட்டு மணிக்கே நிறைந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் செருகிவிட்டுப் போனால் அபராத டிக்கெட் வரும்.

மறுபடி ஜூனுக்கு வருகிறேன். காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஓடி வந்த காரின் அடியில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும், புல்லில் பட்டால் பற்றிக்கொள்ளும். இந்த மாநிலத்தில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை 2018-இல் ரெட்டிங் ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். ஒரு ட்ரெய்லர் வண்டியின் பஞ்சரான டயரின் ரிம் சாலையில் உராய்ந்து பறந்த பொறியில்தான் கார் ஃபயர் என்ற பெருந்தீ தொடங்கியது. ‘கார்’ என்பது தீ தொடங்கிய இடத்தின் பெயர், வண்டியைக் குறிப்பதல்ல. மண்ணோ சரளையோ இருக்கும் இடமாகப் பாருங்கள், முகப்பு வெளியே பார்த்திருக்கட்டும். பாதையை மறிக்கும் இரும்புக் கேட்டின் முன்னால் இடம் காலியாக இருந்தால் அது உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருக்கிறது. அங்கே நின்றால் இழுத்துப் போய்விடுவார்கள்.

டெஸ்லா வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. நிற்கும் காரைச் சுற்றிக் கேமராவால் கண்காணிக்கும் சென்ட்ரி மோடு திருடனைத் தடுக்கும் என்று இரண்டு நாளும் போட்டுவிட்டுப் போனால், பேட்டரி கணிசமாக இறங்கிவிடும். 20 சதவீதத்துக்குக் கீழே போனதும் அது தானாகவே நின்றுவிடும். போகும் வழியில் கடைசி சார்ஜரில் நன்றாக ஏற்றிக்கொண்டு, திரும்பும் தூரத்துக்கு வேண்டியதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சாதாரணக் காரில் நின்றிருக்கும்போதும் ஓடும் டேஷ்கேம் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

எந்த இடமானாலும் போவதற்கு ஒரு வாரம் முன் நான் செய்வது இரண்டு. மேப்பில் அந்த இடத்தின் விமர்சனங்களைப் புதியவை முதலாக வரிசைப்படுத்தி, கண்ணாடி உடைப்பு, டோ (காரை இழுத்துப் போவது) என்ற சொற்களைத் தேடுவேன். மூன்று வருஷம் பழைய புலம்பலைவிட இந்தக் கோடையின் ஒரே ஒரு வரி முக்கியம். இரண்டாவது, ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன். கூச்சமே வேண்டாம், இந்தக் கேள்விகள் அவர்களுக்குத் தினசரி வருகிறவை. பாதை தொடங்கும் இந்த இடத்தில் இரண்டு இரவு கார் நிற்கலாமா, என்ன சீட்டு வேண்டும், சமீபத்தில் உடைப்பு நடந்ததா, நீங்களாக இருந்தால் எங்கே விடுவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் எப்போதும் நல்ல பதில் கிடைக்கும்.

போய்ச் சேர்ந்ததும் இறங்கித் தரையைப் பாருங்கள். கார் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் பச்சை நீலம் கலந்த சின்னச் சின்னக் கட்டிகளாகச் சிதறும், எவ்வளவு கூட்டினாலும் சரளைக்குள் மிஞ்சிக் கிடக்கும். ஒரு மூலையில் அது குவியலாகத் தெரிந்தால் அங்கே நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் தெரிந்தால் அந்தப் பார்க்கிங்கையே விட்டுவிடுங்கள். ஓர் இரவு குறைந்தாலும் சரி, வேறு வாசலுக்குப் போங்கள். யாராவது காரில் சும்மா உட்கார்ந்து வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பது போல் பட்டால், அவர்கள் கிளம்பும்வரை நீங்களும் உட்காருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உடைந்துவிட்டால் முதலில் படம் எடுத்துக்கொண்டு, ரேஞ்சரிடமோ அந்தப் பகுதி ஷெரிஃப் அலுவலகத்திலோ புகார் பதியுங்கள். கண்ணாடிக்கு உங்கள் கார் இன்ஷூரன்ஸில் திருட்டு, உடைப்பு போன்றவற்றுக்கான காம்ப்ரஹென்சிவ் பகுதி இருந்தால் பணம் வரும். ஆனால் முதலில் நீங்கள் கட்ட வேண்டிய டிடக்டிபிள் 500 டாலர் என்றால், ஒரு ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே போக வேண்டியிருக்காது. காருக்குள் இருந்து திருடு போன பொருளுக்குக் கார் இன்ஷூரன்ஸ் தராது, உங்கள் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ்தான் தர வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. அதற்கும் அந்தப் புகார் எண் கேட்பார்கள். டிக்கியின் அடியில் ஒரு தடித்த குப்பைப் பையும் ஒரு சுருள் டேப்பும் எப்போதும் கிடக்கட்டும். ஜன்னல் இல்லாமல் 101 நெடுஞ்சாலையில் அறுபது மைல் வேகத்தில் குளிர்காற்றில் வீடு திரும்பியவன் சொல்கிறேன்.

உங்கள் நாலு பேருக்கும் பேர் வேலி, ஸ்கை, க்ளென், அப்புறம் மறுபடி பேர் வேலி. ஜூன் வார இறுதி கிடைக்கவில்லை என்றால் வியாழன், வெள்ளி இரவுகளுக்குப் பாருங்கள், அல்லது மான்டே பெல்லோவில் ஒரே ஒரு இரவு. வெள்ளி காலை எட்டு மணிக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுங்கள், சான் ஹோசேயிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெர்மிட் எடுத்ததும் நம்பர் பிளேட்டைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். பாதை பற்றியோ முகாமில் தண்ணீர் பற்றியோ ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.